ஓவியப் பித்தேறிய கிழவர்

ஜப்பான் என்றதும் நம் வட்டத்தாருக்கு முதலில் நினைவில் எழுவது ஐக்கூ. 1916ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிப் பாரதியார் நமக்கு வழி திறந்துவிட்டார். பாஷோவும் பூசோனும் இஸ்ஸாவும் நம் கூட்டங்களில் எத்தனையோ முறை பேசப்பட்டவர்கள். ஆனால் இஸ்ஸா தவளைக்கும் ஈக்கும் கவிதையில் இடம் தந்த அதே காலத்தில், தவளையோடு தச்சனையும் வண்ணாத்தியையும் குருட்டுப் பாணனையும் தூரிகையால் பதிந்து வைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. அவர் கட்சுஷிகா ஹொகுசாய். இஸ்ஸாவுக்கு மூன்று ஆண்டு மூத்தவர்.

அவருடைய பேரலை ஓவியத்தைக் காணாதவர் இரார். படகுகளின்மேல் அலை கவிழ்ந்து நிற்க, தொலைவில் ஃபூஜி மலை சிறு குன்றுபோல் தோன்றும் அந்த அச்சோவியம் புத்தக அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் உலகைச் சுற்றி வந்துவிட்டது; 2024 முதல் ஜப்பானிய நாட்டின் ஆயிரம் யென் தாளிலும் ஏறியிருக்கிறது. அந்த அலையைப் பற்றி எழுதப் பலர் உளர். எனக்கு அவருடைய குறிப்பேடுகளைப் பற்றியே சொல்ல வேண்டும். நாள்தோறும் எழுதிக் குவித்து, குவித்ததைப் பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கமுடைய நம்மவர்க்கு அவற்றின் கதை ஏதோ ஒரு வகையில் உறைக்கும் என்று கருதுகிறேன்.

1760இல், இன்று டோக்கியோ என வழங்கும் எடோ நகரில், சுமிதா ஆற்றின் கீழ்க்கரையில் அவர் பிறந்தார். வளர்த்தவர் ஷோகன் அரசுக்குக் கண்ணாடி செய்து தந்த ஒருவர். சிறுவயதில் நூல்களை வாடகைக்கு விடும் கடையொன்றில் வேலை பார்த்தார். பிறகு, பதினான்கு வயதளவில், மரக்கட்டையில் அச்சுச் செதுக்கும் தொழிலைக் கற்கச் சென்றார். ஓவியர் பலருக்கு வாய்க்காத பயிற்சி இது. தூரிகை இழுத்த கோட்டை உளி எப்படிப் பின்தொடர்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைத் தம் விரல்களாலேயே அறிந்தவர் அவர். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னர்த் தெரியும்.

1778இல் கட்சுகாவா ஷுன்ஷோ என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். நாடக நடிகர்களின் படங்கள் அக்காலத்தில் நன்றாக விற்றன. அவற்றையே இவரும் வரைந்தார். ஆசிரியர் மறைந்தபின் அந்தக் குழுவைவிட்டு வெளியேறினார். அதன்பின் அவர் எந்த ஓர் ஆசிரியர் மரபிலும் முழுமையாக அடங்கவில்லை. பெயரைக்கூட அவர் நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. வாழ்நாளில் முப்பதுக்குக் குறையாத பெயர்கள் பூண்டார். ஒரு பெயர் புகழ் பெற்றதும் அதை மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துக்கொள்வார். ஹொகுசாய் என்பதும் அவற்றுள் ஒன்றே. வடதிசையையும் துருவ மீனையும் சுட்டும் பெயர் அது. முதுமையில் ஓவியப் பித்தேறிய கிழவர் என்று தம்மையே குறித்துக் கையொப்பமிட்டார்.

அவர் பிழைப்புக்குக் கை கொடுத்தவர்கள் யார் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. கவிஞர்கள்தாம். எடோவில் அப்போது கியோகா எனப்படும் நகைச்சுவைப் பாடல்களை எழுதுவோர் வட்டம் வட்டமாகக் கூடியிருந்தனர். கடைக்காரர், சாமுராய், கைவினைஞர் எனப் பல தரத்தினர் அதில் இருந்தனர். புத்தாண்டு தோறும் உறுப்பினர் பாடல்களைப் பொறுக்கியெடுத்து, ஓர் ஓவியத்தோடு சேர்த்து, தடித்த நல்ல தாளில் உலோகத்தூள் மின்ன அச்சிட்டுத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வர். சுரிமோனோ என்று அதற்குப் பெயர். அது விலைக்கு விற்பதன்று, செலவு வட்டத்தாருடையது. 1790களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் இவ்வகை வட்டங்களுக்கு ஹொகுசாய் ஏராளமாக வரைந்து தந்தார். ஆண்டு மலருக்கு உறுப்பினர் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டிய நம் செயலாளர்களுக்கு இதில் புதுமை எதுவும் தோன்றாது. ஹொகுசாயும் கவிதைக்குப் புறத்தே நின்றவரல்லர், சென்ரியு எழுதியவர்.

1804இல் எடோவின் கோயில் வளாகமொன்றில் மக்கள் திரண்டு நிற்க, பரப்பிய பெருந்தாளில் போதிதருமரின் உருவத்தைத் துடைப்பம் போன்ற தூரிகையால் வரைந்து காட்டினார். தமிழகக் காஞ்சியிலிருந்து சென்றவர் என்று நாம் உரிமை கொண்டாடும் அதே போதிதருமர்தாம், ஜப்பானில் தருமா. இத்தகைய வித்தைகளால் புகழ் பரவியது. பாகின் என்னும் கதாசிரியரின் நெடுங்கதைகளுக்குப் படம் வரைந்ததாலும் பெயர் நாடெங்கும் சென்றது. தொலைவூர்களிலிருந்து மாணவராக விரும்புவோர் பெருகினர். ஒரு மனிதர் எத்தனை ஊர்களுக்குச் சென்று கற்பிக்க முடியும்?

1812இல் நகோயா நகருக்குச் சென்றவர், மாகி பொகுசென் என்னும் சாமுராய் மாணவரின் இல்லத்தில் தங்கினார். அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட சிறு சித்திரங்களை வரைந்து தள்ளினார். அவற்றை மாணவர்களுக்கான மாதிரி நூலாக அச்சிடலாம் என்று முடிவாயிற்று. நகோயாவின் பதிப்பாளர் எய்ராகுயா தோஷிரோ 1814இல் முதல் தொகுதியை வெளியிட்டார். அதுதான் ஹொகுசாய் மங்கா. இன்று மங்கா என்றால் பிள்ளைகள் படிக்கும் படக்கதை. அன்று அச்சொல்லுக்கு மனம்போன போக்கில் வரைந்தவை என்பது போன்ற பொருளே இருந்தது.

கைக்கு அடக்கமான நூல். கறுப்புக் கோடு, சாம்பல் நிறம், மங்கிய இளஞ்சிவப்பு, வேறு நிறமில்லை. கதை இல்லை, வரிசையும் பெரும்பாலும் இல்லை. பக்கத்தைத் திருப்பினால் சின்னஞ்சிறு மனிதர்கள் எந்தத் தரையிலும் ஊன்றாமல் வெள்ளைத் தாளில் அங்கங்கே நிற்கிறார்கள், குனிகிறார்கள், சுமக்கிறார்கள். ஒருவன் மரம் அறுக்கிறான். ஒருத்தி தலை கழுவுகிறாள். மல்லர்கள் பிடி போடுகிறார்கள். சிட்டுக்குருவி ஆட்டம் ஆடுபவனின் அசைவுகள் ஒவ்வொன்றாக, ஆடக் கற்றுக்கொடுப்பதுபோல் வரிசையாக வருகின்றன. எட்டாம் தொகுதியில் பருத்த உடலினர் ஒரு பக்கம் முழுவதும் நிறைந்து குளிப்பதும் உண்பதும் கூத்தாடுவதுமாக இருக்கிறார்கள். மெலிந்தவர்களுக்கும் தனியே இடமுண்டு. பார்வையற்றோரின் முகங்களை மட்டும் தொகுத்து வரைந்திருக்கிறார். அவற்றைக் காணும்போது கேலியா, கனிவா என்று நமக்கு ஐயம் எழுகிறது. எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை. ஒரு முகம் போல் இன்னொன்று இல்லாதபடி அவர் கவனித்திருக்கும் கவனிப்பைக் கேலி செய்பவன் மேற்கொள்ளமாட்டான்.

பன்னிரண்டாம் தொகுதியில் ஒரு சித்திரம். உயர்குடிச் சாமுராய் ஒருவர் சிறு கழிப்பறைக்குள் குந்தியிருக்கிறார். வாள் சகிதம் வெளியே காத்து நிற்கும் பணியாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிக்கிறார்கள். வாளேந்திய வகுப்பார் ஆண்ட நாட்டில், தணிக்கை இருந்த காலத்தில், இதை அச்சிட்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் கண்ணெதிரே கண்டு வரைந்தவை என்று சொல்வதற்கில்லை. டிராகன்களும் பேய்களும் சீனத்து முனிவர்களும் அத்தொகுதிகளில் உண்டு. பழைய நூல்களிலிருந்து எடுத்தவையும் உண்டு. நினைவிலிருந்து வரைந்தவையே மிகுதி எனலாம். ஆயினும் பேயை வரைந்தாலும் பக்கத்துத் தெருக்காரனை வரைவது போலவே வரைந்தார். சம்மணமிட்டு உட்காரும் முனிவருக்கும் முழங்கால் வலி இருக்கும் என்பதுபோல.

பத்துத் தொகுதிகளோடு 1819இல் நிறுத்துவதாக இருந்தது. வாங்குவோர் விடவில்லை. பின்னும் தொடர்ந்து, அவர் மறைந்து பல ஆண்டு கழித்து 1878இல் பதினைந்தாம் தொகுதியோடு முடிந்தது. மொத்தம் ஏறத்தாழ 4000 சித்திரங்கள். மாணவர்க்கென்று தொடங்கியது பொதுமக்கள் வாங்கிச் சிரித்து மகிழும் நூலாயிற்று.

இனி, அச்சேறும் முறையைச் சற்று விளக்க வேண்டும். செதுக்குதற்கென மெல்லிய தாளில் படம் தீட்டப்படும். அத்தாளைச் செர்ரி மரப்பலகைமேல் குப்புறக் கவிழ்த்துப் பசையால் ஒட்டுவர். கோடுகள் தாளின் ஊடே தெரியும். செதுக்குபவர் கோட்டின் இருபுறமும் கத்தியை ஓட்டி, கோட்டை மட்டும் நிறுத்திவைத்து, எஞ்சிய மரத்தை உளியால் குடைந்தெடுப்பார். அப்போது தாளும் மரச்சிராயோடு சேர்ந்து போய்விடும். ஓவியர் கையால் தீட்டிய தாள் என்று பின்னர் ஒன்றும் இராது. அதாவது, மங்காவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள் அழிந்திருக்கிறது. தாள் அழியாத பக்கம் அச்சேறவில்லை என்று பொருள். சிறுவயதில் தாமே அந்தக் கத்தியைப் பிடித்தவராகையால், எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பது ஹொகுசாய்க்குத் தெரியாததன்று.

அதனால்தான் செதுக்குபவர் விஷயத்தில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் போலும். எகாவா தொமெகிச்சி என்னும் கைதேர்ந்த செதுக்குநரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தாம் வரையும் கண்ணையும் மூக்கையும் உடகாவா ஓவியர்களின் பாணியில் மாற்றிச் செதுக்கிவிடுகிறார்கள் என்பது அவருடைய முறையீடு. எது தம் மூக்கு, எது அவர்கள் மூக்கு என்பதை விளக்கப் படமும் வரைந்து காட்டினார். மெய்ப்புத் திருத்துபவர் சந்தியைச் சேர்த்ததாலும் பிரித்ததாலும் கவிதை கெட்டுப்போய்ப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிய அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

இல்வாழ்வு அவருக்கு இனிதாக அமையவில்லை. 1820களின் இறுதியில் பக்கவாதம் கண்டு மீண்டார். 1828இல் இரண்டாம் மனைவி இறந்தார். பேரன் ஒருவன் சூதாடிக் கடன் சேர்க்க, அதை அடைக்கும் சுமை தாத்தாவின் தலையில் விழுந்தது. கையில் காசில்லை, உடுக்க நல்ல உடையில்லை என்று நொந்து எழுதும் நிலை. ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் இந்தத் துன்பத்தை ஒட்டியே, 1830களின் தொடக்கத்தில் வெளிவந்தன. பேரலை அவற்றில் ஒன்று. முப்பத்தாறு என்று பெயரே ஒழிய, மக்கள் விரும்பியதால் நாற்பத்தாறு படங்கள் வந்தன. அவற்றிலும் மலையை விட்டுவிட்டு மனிதர்களை மட்டும் பாருங்கள்: பெருந்தொட்டி செய்பவன் அதன் வட்டத்துக்குள்ளேயே நின்று இழைக்கிறான், காற்றில் ஒருத்தியின் தாள்கள் பறந்து போகின்றன. மங்காவிலிருந்து எழுந்து வந்த அதே மனிதர்கள். இருபது ஆண்டுக் குறிப்பேடு இல்லாமல் அந்த மலைத்தொடர் இல்லை என்பதே என் துணிபு.

1834இல் வெளியான ஃபூஜி மலை நூறு காட்சிகள் என்னும் நூலின் பின்னுரையில், எழுபது வயதுக்கு முன் தாம் வரைந்தவற்றில் பொருட்படுத்தத்தக்கது எதுவும் இல்லை என்றும், எழுபத்து மூன்றில்தான் விலங்கு, பறவை, பூச்சி, செடி இவற்றின் அமைப்பைச் சிறிதேனும் உணர்ந்ததாகவும், நூறைத் தாண்டினால் ஒருவேளை ஒவ்வொரு புள்ளியும் உயிர்பெறும் என்றும் அவர் எழுதிவைத்தார். இதை அடக்கம் என்று பாராட்டுவோர் பலர். அடக்கம் மட்டுமா? தம் புகழ்பெற்ற நூல்களையெல்லாம் ஒரே வீச்சில் தள்ளிவிட்டு, இனிமேல்தான் தொடக்கம் என்று சொல்பவரிடம் கொஞ்சம் செருக்கும் இருக்கத்தான் செய்கிறது. இருந்தால் குற்றமில்லை.

1830களின் நடுவில் நாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நூல் வாங்குவார் இல்லை. அரிசிக்காகக் கையால் வரைந்த படங்களை விற்றுக் காலம் தள்ளினார். வீடு என்று நிலையாக ஒன்றும் இல்லை. வாழ்நாளில் தொண்ணூற்று மூன்று முறை குடிபெயர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கணக்குச் சொல்கின்றனர். வீட்டைப் பெருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. குப்பை தாங்கமுடியாதபோது வேறு வீடு பார்ப்பார். துணைக்கு இருந்தவர் மகள் ஓயி. கணவரைப் பிரிந்து தந்தையிடம் திரும்பி வந்தவர். தாமும் தேர்ந்த ஓவியர். ஓய் என்று தந்தை கூப்பிட்டுக் கூப்பிட்டே அப்பெயர் வந்தது என்பர். தமிழ்க் காதுக்கு விளக்கம் வேண்டாத பெயர்.

அந்தக் குடித்தனத்தை மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவிலிருந்து கோட்டோவியமாக வரைந்தார். ஜப்பானியத் தேசிய நூலகத்தில் அது இருக்கிறது. கிழவர் போர்வையைத் தோளோடு போர்த்துக்கொண்டு தரையில் கவிழ்ந்து வரைகிறார். ஓயி கையில் புகைக்குழாயுடன் அருகில் அமர்ந்து பார்க்கிறார். தின்பண்டம் சுற்றிவந்த ஓலையும் தாளும் ஒரு மூலையில் கிடக்கின்றன. அன்றாட மனிதரை வரைந்தவரின் அன்றாடமும் அவர் முறையிலேயே ஒருவர் கையில் பதிவாகியிருக்கிறது.

இத்தனை வீடு மாறியும் ஒன்றை மட்டும் அவர் விடாமல் சுமந்து சென்றார்: இளமை முதல் வரைந்து சேர்த்த குறிப்புகளும் படிகளும். ஒரு வண்டிச் சுமை இருந்ததாம். 1839இல், குடியேறிய சிறிது காலத்திலேயே, அந்த வீட்டில் தீப்பற்றியது. எடோவில் தீவிபத்து புதிதன்று. ஆனால் எழுபத்தொன்பது வயது வரை அவரைத் தொடாத தீ அப்போது தொட்டது. தந்தையும் மகளும் தூரிகைகளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினர். சேர்த்தவை அனைத்தும் சாம்பலாயின. உடைந்த குடுவையின் அடிப்பாகத்தைத் தண்ணீர்க் கிண்ணமாகவும் ஓட்டுத் துண்டுகளை வண்ணத் தட்டாகவும் வைத்துக்கொண்டு அவர் மீண்டும் வரைய உட்கார்ந்தார் என்று வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

கொடுத்தவை இருந்தன, வைத்துக்கொண்டவை போயின. நகோயாவின் செர்ரிக் கட்டைகளில் தாளோடு அறுபட்டவை நாடெங்கும் படிகளாகப் பரவியிருந்தன. பெட்டியில் பத்திரமாக இருந்தவற்றின் ஒரு கோடும் நமக்குக் கிட்டவில்லை. அவற்றில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம், அச்சுக்குத் தராத நோட்டுப் புத்தகங்களோடு மறைந்துபோன நம் நண்பர்கள் சிலரின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

தீக்குப் பின்னர் அவர் குறிப்புச் சேர்ப்பதில் பழைய நாட்டம் காட்டவில்லை என்பர். 1842, 1843ஆம் ஆண்டுகளில் காலைதோறும் ஒரு சீனத்துச் சிங்கத்தைத் தாளில் வரைந்தார். தீமையை ஓட்டுவதற்கான நாள்வழிபாடு அது. சிங்கம் ஆடுகிறது, தூங்குகிறது, சில நாளில் சிங்க முகமூடி அணிந்த மனிதனாகிறது. வரைந்ததும் கசக்கி வெளியே எறிந்துவிடுவாராம். ஓயி பொறுக்கி வைத்தவை என்று சொல்லப்படும் இருநூறுக்கு மேற்பட்ட தாள்கள் இன்றும் உள்ளன. எறிந்தவை தப்பின!

எண்பதைக் கடந்தபின் ஷினானோ மலைநாட்டின் ஒபுசே ஊருக்குச் சிலமுறை நடந்து சென்றார். அங்கே தகாய் கோசான் என்னும் செல்வர் ஆதரித்தார். அவ்வூர் கான்ஷோயின் கோயிலின் உட்கூரையில் எண்திசையும் நோக்கும் பெரிய ஃபீனிக்ஸ் பறவை அவர் ஆக்கமாகப் போற்றப்படுகிறது. அதே கோயிலின் குளக்கரையில்தான் 1816இல் இஸ்ஸா, போரிடும் தவளைகளைப் பார்த்து, மெலிந்த தவளையின் பக்கம் நின்று தம் புகழ்பெற்ற கவிதையைப் பாடினார். மெலிந்தவர்களைப் பக்கம் முழுவதும் வரைந்தவரும் மெலிந்த தவளைக்குத் துணைநின்றவரும் ஒரே கோயிலில், முப்பதாண்டு இடைவெளியில். இருவரும் சந்தித்திருக்கலாகாதா என்று நமக்கு ஓர் ஆசை எழுகிறது.

1849ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், எடோவின் அசகுசாவில், ஒரு கோயிலை ஒட்டிய வாடகை வீட்டில் ஹொகுசாய் காலமானார். ஜப்பானியக் கணக்கில் வயது தொண்ணூறு. இன்னும் ஐந்தாண்டு கிடைத்தால் மெய்யான ஓவியனாகிவிடுவேன் என்று இறுதியில் ஏங்கினார் என்பது மரபுச் செய்தி. அசகுசாவின் செய்கியோஜி கோயிலில் அடக்கம் செய்தனர். ஓயி அதன்பின் எங்கே எப்படி வாழ்ந்தார் என்பதற்குத் தெளிவான பதிவில்லை. அவர் பெயரில் எஞ்சியவை மிகச் சில ஓவியங்களே.

மங்கா தொகுதிகள் கடல் கடந்தன. ஜப்பானில் தங்கியிருந்த மருத்துவர் சீபோல்ட் தம் நூலில் அவற்றிலிருந்து படங்களை எடுத்தாண்டார். 1856இல் பாரிஸ் அச்சகம் ஒன்றில் ஒரு தொகுதி பிராக்மோன் என்னும் ஓவியர் கண்ணில் பட்டது என்பது அடிக்கடி சொல்லப்படும் செய்தி. அதன்பின் பிரெஞ்சு ஓவியர்கள் அதைத் தேடித் தேடி வாங்கியது ஐரோப்பியக் கலை வரலாற்றின் ஒரு பகுதி.

2019இல் பாரிஸில் மற்றொன்று வெளிப்பட்டது. ஒரு மரப்பெட்டியில் 103 சிறு சித்திரங்கள். எல்லாவற்றையும் படங்களால் காட்டும் ஒரு பெருநூலுக்காக ஹொகுசாய் அச்சுக்கென்றே தீட்டியவை. பண்டைய இந்தியாவும் சீனாவும் விலங்குகளும் பறவைகளும் அவற்றில் உள்ளன. மறு ஆண்டு இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. அந்த நூல் ஏன் நின்றுபோயிற்று என்பது தெளிவாகவில்லை. நின்றுபோனதால், செதுக்குபவர் கைக்குத் தாள்கள் போகவில்லை. கிழவரின் தூரிகை பட்ட மை, தடித்தும் மெலிந்தும், அப்படியே தாளில் இருக்கிறது.